ஒரே வீட்டிலிருந்து போன இரண்டு விலைமனுக்கள்

சென்ற மாதம் ஒரு பின்னேரம், நான் ஓய்வு பெற்ற நிறுவனத்திலிருந்து மூன்று பேர் மீசாலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் இளம் பிள்ளைகள். அரசாங்க விவசாய ஒப்பந்தங்களுக்கு விலைமனு, ஊர்ப் பேச்சில் ரெண்டர், எழுதுவது இப்போது அவர்களுடைய வேலை. என் காலத்தில் உறைக்குள் வைத்து ஒட்டிப் பெட்டிக்குள் போட்டதை அவர்கள் இனிமேல் கணினியில் ஏற்ற வேண்டுமாம். எல்லாம் மாறுவதற்கு முன் பழைய ஆட்களிடம் கேட்டு ஒரு சிறு கைநூல் போடப் போவதாகச் சொன்னார்கள்.

"ஐயா, வெல்லுற மாதிரி எழுதுறது எப்பிடி எண்டு உங்கடை அனுபவத்திலை சொல்லுங்கோ" என்றார்கள்.

நான் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி பேனையை மூடாமலே, "அன்ரி நிக்கிறாவோ? அவவையும் கேக்கலாமோ?" என்றாள்.

என் மனைவி யோகேஸ்வரி பின்வளவில் எலுமிச்சைக் கன்றுகளைச் சிறிய பையிலிருந்து பெரிய பைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மூவரும் எழுந்து அங்கே போனார்கள். நான் விறாந்தையில் இருந்து அவர்களுடைய சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் திரும்பி வந்தார்கள். நான் சொன்னது ஒரு பக்கத்துக்குள் அடங்கியிருந்தது. அவள் சொன்னது எத்தனை பக்கம் என்று பார்க்கக்கூடாது என்பதற்காக முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

போகும்போது, "ஐயா, நீங்கள் விரிவா ஒரு கட்டுரை எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள். ஆறுதலுக்குக் கேட்டார்களோ என்னவோ, நான் எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு என் மனைவியின் மீது பொறாமை. அவளுடைய அழகிலோ உறவுகளிலோ அல்ல. அவளுடைய எழுத்தின் மீது. அது ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

சுன்னாகத்தில் விதைகளும் கன்றுகளும் விற்கும் அந்த நிறுவனத்தில் நான் தட்டச்சுக்காரனாகச் சேர்ந்தேன். போர் முடிந்து, இடம்பெயர்ந்த சனங்கள் ஊர் திரும்பத் தொடங்கியபோது, விதை வெங்காயம், மரக்கறி நாற்று, பழக்கன்று என்று அரசாங்கம் வரிசையாக விலைமனுக் கோரியது. எழுத ஆள் இருக்கவில்லை. தட்டச்சு செய்தவனையே எழுதச் சொன்னார்கள். பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகினேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

வேலையின் முறை வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பத்திரிகையில் அறிவித்தல் வந்ததும் அலுவலகத்துக்குப் போய்க் கட்டணம் கட்டி விலைமனுப் பத்திரத்தை வாங்க வேண்டும். வந்ததும் எழுதத் தொடங்கக்கூடாது. முதலில், நாங்கள் போட்டியிடத் தகுதியுள்ளவர்களா என்ற பகுதியை மட்டும் வாசிக்க வேண்டும். இரண்டாவது வாசிப்பில் அவர்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு. அவர்கள் எந்த வரிசையில் கேட்டார்களோ அதே வரிசையில்தான் பதில் போக வேண்டும். நமக்கு எது பெருமையோ அதை முன்னால் தூக்கி வைத்தால், புள்ளி போடுகிறவர் தேடிக் களைத்து அடுத்த ஆளின் தாள்கட்டை எடுத்துவிடுவார். வங்கிப் பிணையில் பெயர் ஓர் எழுத்துப் பிசகினாலும் நிராகரிப்பு. விலைமனு எவ்வளவு காலம் செல்லுபடியாகும் என்று கேட்டார்களோ, அதில் ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இருக்க வேண்டும். பெட்டியை மூடும் நேரத்துக்குப் பிறகு கடவுளே கொண்டுவந்தாலும் வாங்கமாட்டார்கள்.

இதெல்லாம் முறை. எழுதுவது எப்படி என்று கற்றுத் தந்தவர் எங்கள் பணிப்பாளர் இராசநாயகம் ஐயா. கற்றுத் தந்தார் என்பதைவிட, வாட்டினார் என்பது சரி. நான் எழுதிக் கொண்டுபோகும் கட்டை அவர் யன்னலடியில் நின்றபடிதான் வாசிப்பார். ஒரு பக்கம் முடிந்ததும் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிடுவார்.

"இப்ப சொல்லும், உந்தப் பக்கத்திலை என்ன இருக்கு?"

நான் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் கை விலகி அடுத்த பக்கத்துக்குப் போகும். திக்கினால், "எழுதின உமக்கே தெரியேல்லை, வாசிக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அந்த ஒரு தாளை மட்டும் உருவித் தருவார். சத்தம் போடமாட்டார். பாராட்டவும் மாட்டார். ஒப்பந்தம் கிடைத்த நாளில் அலுவலகம் முழுவதற்கும் றோல்ஸ் வாங்கி வைத்துவிட்டு, "சரி, இனிக் கண்டைப் பாருங்கோ" என்று கன்றுகள் நிற்கும் தோட்டப் பக்கம் போய்விடுவார்.

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. "விலை உம்முடைய வீட்டுப் படலைக்குள்ளை போகப்படாது." நான் அதை அட்சரம் தவறாமல் பின்பற்றினேன். விலையை மட்டுமல்ல, வேலையைப் பற்றியே வீட்டில் வாய் திறந்ததில்லை. நான் என்ன எழுதுகிறேன் என்று யோகேஸ்வரி கேட்டதும் இல்லை. மாதர் சங்கக் கூட்டம், கன்று ஒட்டுதல், மகளின் படிப்பு என்று அவளுக்கு அவளுடைய வேலைகள்.

நெடுந்தீவுக்கு மரக்கறி நாற்றுக் கொடுக்கும் ஒப்பந்தம்தான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. நாற்றுத் தட்டுகளைப் படகில் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் 'பாதுகாப்பாக' என்று எழுதியிருப்பார்கள். நான் இறங்குதுறைக்குப் போய்ப் படகுக்காரரோடு கதைத்து, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் உப்புத் தண்ணீர் தெறிக்கும், தட்டுகளை எங்கே அடுக்கலாம், எந்த நேரத்துப் படகில் சனம் குறைவு என்று எழுதினேன். ஒப்பந்தம் கிடைத்தது. அதற்குப் பிறகு விலைமனு திறக்கும் இடங்களுக்குப் போனால் மற்றக் கொம்பனிக்காரர்கள் என்னைக் காட்டி, "உவர்தான் எழுதுறவர்" என்று தங்களுக்குள் சொல்லுவது காதில் விழும். கேட்காத மாதிரி நடப்பேன். ஆனால் மெதுவாக நடப்பேன்.

பிறகு வந்தது பழக்கன்று ஒப்பந்தம். காங்கேசன்துறைப் பக்கம் புதிதாகக் குடியேறியவர்களின் வளவுகளுக்கு ஒட்டுமாங்கன்றும் எலுமிச்சையும் பலாவும் கொடுத்து, நட்டு, அவை பிழைத்து நிற்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். எங்கள் நிறுவனத்துக்கு அது பெரிய வேலை. அந்த வருடம் வேறு ஒப்பந்தம் இருக்கவில்லை. ஐயா வெளியே சொல்லாவிட்டாலும், இது கிடைக்காவிட்டால் ஆட்களைக் குறைக்க வேண்டிவரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் நிறுவனத்தின் வாகனத்தில் போய் அந்தப் பக்கம் முழுவதும் சுற்றிப் பார்த்தேன். கிணறுகளைப் பார்த்தேன். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. தண்ணீர் பவுசர் வண்டி எந்த ஒழுங்கைக்குள் போகும், எந்த ஒழுங்கைக்குள் திரும்ப முடியாது என்று படம் வரைந்தேன். யார் யாருக்குப் பொறுப்பு என்று பெட்டி பெட்டியாக வரைபடம் போட்டேன். ஐயா எல்லாப் பக்கங்களிலும் கை வைத்து மூடினார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இது எங்களுக்குத்தான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

திறக்கும் நாள் நானும் ஐயாவும் யாழ்ப்பாணத்தில் அந்த அலுவலகத்து மாடிக்குப் போனோம். பெட்டிக்கு இரண்டு பூட்டு. இரண்டு அதிகாரிகளிடம் இரண்டு திறப்பு. இருவரும் எல்லோர் முன்னிலையிலும் திறந்து, உறைகளை மேசையில் வரிசையாகப் பரப்பினார்கள். அந்த வரிசையில் மூன்றாவது உறையைப் பார்த்ததும் என் கண் அங்கேயே நின்றுவிட்டது. முகவரி பேனையால் எழுதப்பட்டிருந்தது. 'ழ'வின் வாலை இடதுபக்கம் இழுத்து மேலே சுழிக்கும் கை அது. எங்கள் வீட்டுச் சமையலறையில் மிளகாய்த்தூள் போத்தல்களில் ஒட்டியிருக்கும் அதே கை.

அதிகாரி பிரித்து வாசித்தார். "மாதர் சங்கம், மீசாலை. ஒப்பமிட்டவர், செயலாளர் திருமதி சதானந்தன் யோகேஸ்வரி."

சதானந்தன் நான்தான். அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பின்வரிசையில் சங்கத் தலைவி அன்னலட்சுமி அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு விலைகளை வாசித்தார்கள். சங்கத்தின் விலை எங்களுடையதைவிடக் குறைவு. நிறையக் குறைந்திருந்தால் அறியாமல் போட்டார்கள் என்று சிரித்திருக்கலாம். கொஞ்சம்தான் குறைவு. அந்தக் கொஞ்சத்தைக் கேட்டதும் ஐயா என் பக்கம் திரும்பாமலே தன் கதிரையை ஒரு சாண் தள்ளி வைத்தார்.

வாகனம் இணுவில் தாண்டியதும் ஐயா கேட்டார்.

"சதானந்தன், வீட்டிலை விலை கதைச்சனீரோ?"

"இல்லை ஐயா."

"மனிசி எதேனும் கேட்டவவோ?"

"இல்லை. அவ ரெண்டர் போடுறதே எனக்கு இப்பதான் தெரியும்."

"சரி" என்றார். அவர் சொன்ன 'சரி'களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இது அவற்றில் எதைப் போலவும் இருக்கவில்லை. அலுவலகத்துக்கு வந்ததும், "விலைமனு அலுமாரித் திறப்பை மேசையிலை வையும். கொஞ்ச நாளைக்குக் கண்டுப் பக்கம் நில்லும்" என்றார். நான் திறப்பை வைத்துவிட்டுக் கன்றுப் பந்தலுக்குப் போய், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்களோடு நின்றேன். அவர்களுக்கும் அதற்குள் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது யோகேஸ்வரி முற்றத்தில் நின்றாள். நான் வருவதற்குள் அன்னலட்சுமி அக்கா சொல்லியிருக்க வேண்டும்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்கள் என்ன செய்திருப்பியள்?"

"அது வேறை. ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா, நீங்கள் உங்கடை ஐயாவிட்டைச் சொல்லவேணும். சொல்லாட்டி உங்களுக்குப் பிழை. சொன்னா எங்களுக்குப் பிழை. உங்கடை ரெண்டருக்குள்ளை நான் வரேல்லை, எங்கடை ரெண்டருக்குள்ளை நீங்கள் வரவேண்டாம் எண்டு விட்டனான்."

அவள் சொன்னது முறைப்படி சரி. "விலை எப்பிடிப் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"என்ன கேள்வி இது? கண்டு வளக்கிறது நாங்கள். பை என்ன விலை, எரு என்ன விலை, ஒட்டுறதுக்கு என்ன கூலி எண்டு எங்களுக்குத் தெரியாதே?"

பிறகு நான் உண்மையில் கேட்க விரும்பியதைக் கேட்டேன். "ஆர் எழுதினது?"

"நான்தான்."

"ஆர் பாத்துத் திருத்தித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை" என்றாள். "என்னத்துக்குத் திருத்திறது?"

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வேலை போகப் போகிறதே என்ற பயத்தில் என்று அவள் நினைத்திருப்பாள். பயம் இருந்தது, உண்மை. ஆனால் சாப்பிட விடாதது அது அல்ல. ஒவ்வொரு தாளாக உருவி வாங்கி, திக்கித் திக்கி நான் பழகிய வேலையை, இவள் என் பக்கத்திலேயே இருந்துகொண்டு, என்னிடம் ஒரு சொல் கேளாமல் செய்து முடித்திருக்கிறாள். என்னிடம் பழகியிருந்தால்கூட எனக்கு அதில் ஒரு பங்கு இருந்திருக்கும். அதுவும் இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் எரிந்தது. கேட்காமலே படுத்துவிட்டேன்.

அடுத்த கிழமை, போட்டியிட்ட இன்னொரு நிறுவனம் முறைப்பாடு கொடுத்தது. கணவனும் மனைவியும் விலையைப் பேசிவைத்துக்கொண்டு இரண்டு பெயரில் போட்டிருக்கிறார்கள், இரண்டையும் நிராகரிக்க வேண்டும் என்று. நிராகரித்தால் சங்கத்துப் பெண்கள் முன்கூட்டியே கடன்பட்டு வளர்த்த கன்றுகள் பைகளுக்குள்ளேயே வேரோடி வீணாகும். எங்கள் நிறுவனத்தின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விளக்கம் சொல்ல எங்கள் எல்லோரையும் அழைத்தார்கள்.

மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஒரு பெண் அதிகாரி. மெலிந்த, அவசரப்படாத மனிசி. மேசைக்கு ஒரு பக்கம் நானும் ஐயாவும். மறுபக்கம் யோகேஸ்வரியும் அன்னலட்சுமி அக்காவும். காலையில் நானும் யோகேஸ்வரியும் ஒரே வீட்டிலிருந்து வெவ்வேறு பஸ்ஸில் வந்திருந்தோம்.

"ரெண்டு பேரும் புருசன் பெண்சாதி. ஒரே வேலைக்கு ரெண்டு ரெண்டர். விலையும் கிட்டக் கிட்ட. மற்ற ஆக்கள் சந்தேகப்படுறதிலை பிழை இருக்கோ?" என்று அதிகாரி கேட்டார்.

"பிழையில்லை மிஸ்" என்றாள் யோகேஸ்வரி. "கேக்கத்தான் வேணும்."

அதிகாரி சங்கத்தின் கட்டைப் புரட்டினார். "இதிலை ஒரு பக்கத்தை இவருக்குக் காட்டப் போறன். உங்களுக்கு ஆட்சேபனை இருக்கோ?"

யோகேஸ்வரி அன்று முதல்தடவையாக என்னைப் பார்த்தாள். தயங்கினாள். "இல்லை" என்றாள்.

தாள் என் கைக்கு வந்தது. கன்றுகள் பிழைத்து நிற்பதற்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கான பதில் அது. நான் பவுசரும் படமும் பெட்டி பெட்டியான வரைபடமும் போட்ட அதே கேள்வி. "சத்தமா வாசியுங்கோ" என்றார் அதிகாரி. வாசித்தேன்.

'நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். பகலில் ஆள் இருக்கும் வீடு குறைவு. எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறார்கள். தண்ணீர் ஊற்றுவோம் என்று வீட்டுக்காரர் கையெழுத்து வைப்பார்கள். ஊற்ற நேரம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு ஒழுங்கையிலும் பகலில் வீட்டில் இருக்கும் ஒருவரைக் கேட்டு வைத்திருக்கிறோம். கூலிக்கு அந்த ஒழுங்கைக் கன்றுகள் முழுவதற்கும் அவர் தண்ணீர் ஊற்றுவார். அவர்களின் பெயர்கள் பின்னால் உள்ளன. கன்று பட்டுப்போனால் மாற்றுக் கன்று தருவோம் என்று எல்லோரும் எழுதுவார்கள். நாங்களும் எழுதுகிறோம். ஆனால் ஒரு கன்று பட்டுப்போன குழியில் இன்னொன்றை நட வீட்டுக்காரருக்கு மனம் வராது. ஆகவே முதல் கன்றைச் சாகவிடாமல் பார்ப்பதுதான் எங்கள் வேலை.'

பக்கம் அவ்வளவுதான். ஒரு முறை வாசித்ததும் முழுவதும் மனதில் நின்றது. யார் கை வைத்து மூடினாலும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். பூட்டிக் கிடந்த அதே வீடுகளை நானும் பார்த்தேன். இன்றைக்கு ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு கடந்து போனேன். அவள் அன்னலட்சுமி அக்காவோடு பஸ்ஸில் போய், ஏன் ஆள் இல்லை என்று கேட்டிருக்கிறாள். மனம் வராது என்ற அந்த வரி என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் கன்றுகளோடு இருந்த எனக்கு அது ஏன் வரவில்லை?

"இது நீங்கள் எழுதினதோ?"

"இல்லை மேடம்."

"திருத்திக் குடுத்தனீங்களோ?"

"இல்லை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வேலையிலை பேர் எடுத்த ஆள் நீங்கள். உங்களோடை ஒரு வீட்டிலை இருந்துகொண்டு, உங்களிட்டைப் பழகாமல் அவ எழுதியிருப்பாவோ?"

எனக்கு அந்த இடத்தில்தான் உயிர் போய் வந்தது. ஓம், என்னிடம்தான் பழகினா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஊரில் யார் கேட்டிருந்தாலும் நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். இங்கே சொன்னால் இரண்டு விலைமனுவும் குப்பைக்குப் போகும். ஐயா என் பக்கத்தில் அசையாமல் இருந்தார். யோகேஸ்வரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னிட்டைப் பழகியிருந்தா இப்பிடி எழுதியிருக்க மாட்டா மேடம்" என்றேன். "எனக்கு இப்பிடி எழுத வராது. எங்கடை கட்டிலை இதே கேள்விக்கு நான் எழுதினதை எடுத்துப் பாருங்கோ."

எடுத்தார்கள். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார்கள். என் வரைபடத்தை விரித்தபோது அது மேசைக்கு வெளியே தொங்கியது. குழுவில் இருந்த ஓர் இளம் அதிகாரி இரண்டையும் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். தலைவர் சிரிக்கவில்லை. "இது ஒரு கை இல்லை. ரெண்டு கைதான்" என்று மட்டும் சொல்லிக் கட்டுகளை மூடினார்.

முறைப்பாடு தள்ளுபடியானது. ஒப்பந்தம் சங்கத்துக்குப் போனது.

விசாரணையிலிருந்து திரும்பி வரும்போது வாகனத்தில் ஐயா, "அதைச் சொன்னது நல்லது" என்றார். பிறகு, "எனக்கு முதலே தெரியும்" என்றார்.

"என்னத்தை ஐயா?"

"உம்முடைய மனிசி நல்லா எழுதுவா எண்டு. போன வருசம் உவையின்ரை சங்கம் ஊர்க் கிணறு திருத்தித் தரச்சொல்லி ஒரு கோரிக்கை எழுதினது. அரசாங்க அலுவலகத்திலை தற்செயலாப் பாத்தனான். ஆர் எழுதினது எண்டு அப்பவே விசாரிச்சனான்." திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். "உம்மைச் சந்தேகப்பட்டதும் அதாலைதான். இவ்வளவு வடிவா எழுதுற ஆள் பக்கத்திலை இருக்க, இவன் ஒரு நாளும் தன்ரை கட்டைக் காட்டாமலோ இருப்பான் எண்டு நினைச்சன்."

அவர் என் எழுத்தைப் பற்றி 'வடிவு' என்ற சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அது கல் மாதிரிக் கனத்தது.

"ஒருக்கால் கேட்டுப் பாருமன், எங்களிட்டை வேலைக்கு வருவாவோ எண்டு."

அன்று பின்னேரமே கேட்டேன். கேட்கும்போது, அவள் ஓம் என்று சொல்லிவிடக்கூடாது என்று சந்நிதி முருகனை நினைத்துக்கொண்டேன். யோகேஸ்வரி கையில் இருந்த ஒட்டுக்கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"நான் மாட்டன். உங்கடை ஐயாவுக்குச் சொல்லுங்கோ, எனக்குச் சங்கம் ஒண்டே காணும் எண்டு." பிறகு சிரிப்பை விட்டு, "அங்கை அதைச் சொல்ல உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றாள்.

"உண்மையைத்தானே சொன்னனான்."

"தெரியும்" என்றாள்.

அந்த வருடம் எங்கள் நிறுவனத்தில் சம்பளம் பிந்தி வந்தது. ஆனால் ஒருவரையும் நிறுத்தவில்லை. ஐயா எப்படியோ சமாளித்தார். அதற்குப் பிறகு நாங்கள் போடும் விலைமனுவுக்குச் சங்கம் வராது, சங்கம் போடுவதற்கு நாங்கள் போகமாட்டோம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். நான் பல ஒப்பந்தங்களை வென்றேன். சிலவற்றை நன்றாகவே எழுதினேன். எழுதும்போதெல்லாம், அவள் இதை எப்படித் தொடங்கியிருப்பாள் என்ற எண்ணம் பேனைக்கு முன்னால் வந்து நிற்கும். அதைத் தள்ளிவிட்டுத்தான் முதல் வரியை எழுத வேண்டியிருந்தது. காங்கேசன்துறைப் பக்கம் போக நேர்ந்தால், மதில்களுக்கு மேலாகக் காய்த்து நிற்கும் மாமரங்களைப் பார்க்காமல் நேரே றோட்டைப் பார்த்துப் போகப் பழகிக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கிய சில மாதங்களில், ஒரு மத்தியானம் யோகேஸ்வரி தாள்கட்டு ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். பள்ளிக்கூடத் தோட்டங்களுக்கு நாற்றுக் கொடுக்கும் ஒப்பந்தம்.

"இஞ்சாருங்கோ, இனி உங்களுக்கும் எங்களுக்கும் இடையிலை ஒரு சட்டமும் இல்லைத்தானே. இதை ஒருக்கால் பாத்துத் தாங்கோ."

பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிழை பிடிக்க வேண்டும் என்ற வெறியோடு வாசித்தேன். பிழை கிடைக்காமல் வரிக்கு வரி ஆத்திரம்தான் கூடியது. முடியப் போகும் இடத்தில் ஒன்று அகப்பட்டது. விலைமனு செல்லுபடியாகும் காலம் கேட்டதைவிடக் குறைவாக இருந்தது. அப்படியே போயிருந்தால் முதல் மேசையிலேயே தூக்கி எறிந்திருப்பார்கள். வட்டம் போட்டுக் காட்டினேன்.

"ஐயோ, நல்லகாலம் நீங்கள் பாத்தது" என்றாள்.

அன்று நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த முறை வங்கிப் பிணைக்கான விண்ணப்பத்தில் அலுவலகத்தின் பெயர் பிசகியிருந்தது. அதற்கடுத்த முறை ஒரு பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை. எல்லாம் எழுத்துக்கு வெளியே உள்ள பிழைகள். என்னைப் போலப் பழைய ஆளின் கண்ணுக்கு மட்டும் படக்கூடியவை. இவளுக்கு எழுத வரும், முறை வராது, அதற்கு நான் வேண்டும் என்று எனக்குள் ஓர் இடம் பிடித்து வைத்துக்கொண்டேன். பொறாமையும் கொஞ்சம் அடங்கியது.

போன கிழமை, புதிய விலைமனுவைக் கணினியில் ஏற்றுவதற்காக வாங்கிப்போக அன்னலட்சுமி அக்கா வந்தா. நான் வட்டம் போட்டிருந்த பக்கத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினா.

"இதென்ன, இந்தத் திகதியை நேற்று நானும் யோகாவும் சரியாத்தானே போட்டு வைச்சனாங்கள்? ஆர் மாத்தினது?"

"அக்கா, தேத்தண்ணி ஆறுது, முதல் இதை எடுங்கோ" என்று உள்ளேயிருந்து யோகேஸ்வரியின் குரல் கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க.

அக்கா குசினிக்குப் போனா. நான் அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடியும் பார்த்தேன். மாற்றிய திகதி அவள் எழுதும் மற்றதெல்லாம் போலவே அளவாகவும் இயல்பாகவும் உட்கார்ந்திருந்தது. உடனே தெரியாது. கவனமாகப் பார்த்தால் தெரியாமல் போகாது. என் கண் எந்த இடத்தில் போய் நிற்கும், எந்தப் பிழையைப் பிடித்தால் எனக்குப் பசிக்கும் என்று இவ்வளவு காலமும் பார்த்து வைத்திருக்கிறாள்.

தாளைத் திரும்பக் கட்டுக்குள் வைத்தேன். இன்னொருவருக்காக இப்படி ஒரு பிழை விட்டு எழுத, எனக்கு வராது.